மெகட்ரானுக்குப் பிடித்த துரு
வாசகர் கேள்வி – பதில்

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன் தொடரில் வரும் 'காஸ்மிக் ரஸ்ட்' (விண்வெளித் துரு) பாகத்தைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதி கார்ட்டூனைப் பற்றி, மீதி வீட்டிலிருக்கும் துருவைப் பற்றி. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

ரோபோவுக்கே துருப் பிடிக்கும் அந்தக் கதை என்ன? பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பார்க்கத் தகுந்ததுதானா?
– தேவகோட்டை வாசகி

தாராளமாகப் பார்க்கலாம். 1984 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய தொடர் இது. நான்கு பருவங்களில் மொத்தம் 98 பாகங்கள். 'காஸ்மிக் ரஸ்ட்' இரண்டாம் பருவத்தைச் சேர்ந்தது. 1985-86இல் வந்த அந்தப் பருவத்தில் மட்டும் 49 பாகங்கள்.

உருமாறும் ரோபோக்களின் கதை இது. அவர்களில் ஆட்டோபாட்கள் நல்லவர்கள், டிசெப்டிகான்கள் கெட்டவர்கள். ஆட்டோபாட்களின் விஞ்ஞானி பெர்செப்டர், மைக்ராஸ்கோப்பாக மாறுகிறவர். உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் 'கரோஸ்டாப்' என்ற பூச்சைக் கண்டுபிடிக்கிறார். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்கு அது பூசப்படுகிறது. இந்த நேரத்தில் டிசெப்டிகான் தலைவன் மெகட்ரானுக்கு விண்வெளித் துரு தொற்றிக்கொள்கிறது. வைத்தியம் பார்க்கச் சொல்லிப் பெர்செப்டரையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். குணமானதும் மெகட்ரான் அதே துருவை ஆட்டோபாட்கள் மேல் ஏவுகிறான். முடிவைப் பையனே பார்த்துக்கொள்ளட்டும்.

மற்ற பாகங்களில் எதிரியைச் சுட்டு வீழ்த்தலாம். இதில் எதிரி உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு தின்கிறது, எந்தத் துப்பாக்கியும் உதவாது. மெகட்ரான் பயப்படுவதைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். இந்தப் பாகம் மனத்தில் நிற்பதற்கு அதுவே காரணம் என்பது எங்கள் கருத்து.

சுதந்திர தேவி சிலை செம்பால் ஆனது. செம்பு துருப் பிடிக்காதே! கதை எழுதியவர்கள் கோட்டை விட்டுவிட்டார்களா?
– காரைக்குடி வாசகர்

கேள்வி சரி. ஆனால் கதை எழுதியவர்கள் அங்கே அவ்வளவாகத் தவறவில்லை. வெளித்தோல்தான் செம்பு, சுமார் 2.4 மில்லிமீட்டர் தடிமன், அதாவது இரண்டு நாணயங்களை அடுக்கினால் வருகிற கனத்துக்கும் கீழே. அந்தத் தோலை உள்ளிருந்து தாங்கியது இரும்பு. சிலை திறக்கப்பட்டது 1886இல். உள்கட்டமைப்பை வடிவமைத்தவர் ஈபிள் கோபுரத்தின் ஈபிள்.

செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. இரும்பு எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துக் கரையும், செம்பு பத்திரமாக இருக்கும். இது ஈபிளுக்கும் தெரியும். ஆகவே இரண்டுக்கும் நடுவே அரக்குக் கரைசலில் நனைத்த ஆஸ்பெஸ்டாஸ் வைத்தார்கள். காலப்போக்கில் அது நைந்து ஈரத்தை உறிஞ்சத் தொடங்கியது. தடுப்பதற்குப் பதிலாக நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. போதாக்குறைக்குப் பரப்பளவுக் கணக்கு வேறு: பெரிய செம்புத் தகடு, சின்ன இரும்புப் பட்டை. இந்த விகிதம் இப்படி அமைந்தால் இரும்பின் மேல் அரிப்பு குவியும். துரு தன் மூல இரும்பைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். பட்டைகள் வீங்கின, தோலோடு அவற்றைப் பிணைத்த ரிவெட்டுகளைப் பிடுங்கித் தள்ளின.

1984இல் சீரமைப்பு தொடங்கி 1986 ஜூலையில் சிலை மறுபடி திறக்கப்பட்டது. அந்தப் பாகம் ஒளிபரப்பான நாட்களில் நிஜச் சிலையிலும் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 1,800 இரும்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு 316எல் ரக எவர்சில்வர் பட்டைகளை வைத்தார்கள். செம்போடு தொடும் இடத்தில் டெஃப்லான் நாடா. உள்ளே பழைய பெயின்ட் அடுக்குகளைத் திரவ நைட்ரஜன் தெளித்து உரித்தார்கள். அதற்கடியில் இருந்த தார்ப்பூச்சை அகற்றச் சமையல் சோடாவைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சினார்கள்; மணல் அடித்திருந்தால் செம்பு தேய்ந்திருக்கும். மாற்றாமல் விட்ட நடு இரும்புக் கூட்டுக்குத் துத்தநாகப் பொடியும் பொட்டாசியம் சிலிகேட்டும் கலந்த பூச்சு. அந்தப் பூச்சு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, கடலோர ஏவுதள இரும்புகளுக்காக உருவாக்கியது. நிஜ வாழ்க்கையின் கரோஸ்டாப் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

இந்த வியாதியை நம் தெருவிலேயே பார்க்கலாம். ஜி.ஐ. பைப்பில் பித்தளைக் குழாயை மாட்டினால், நாலைந்து வருடத்தில் அரிப்பு முதலில் தெரிவது மரை ஏறிய இடத்தில்தான். டெஃப்லான் டேப்பை நன்றாகச் சுற்றி மாட்டினால் கசிவு நிற்கும், மரைக்குள் ஈரமும் குறையும். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் அங்கே வெளியே தெரியும் இரும்புக்குச் சிங்க் (துத்தநாக) பெயின்ட் ஒரு கை கொடுங்கள்.

பெர்செப்டர் பொம்மை நிஜமாகவே மைக்ராஸ்கோப்பா?
– கோட்டையூர் வாசகர்

ஆமாம். 1985இல் கடைக்கு வந்த பொம்மையில் லென்ஸ் உண்டு, ஓரளவு பெரிதாகவும் காட்டும். ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த 'மைக்ரோ சேஞ்ச்' வரிசையிலிருந்து எடுத்தது. கார்ட்டூனில் பெர்செப்டருக்குக் குரல் பால் ஐடிங், மெகட்ரானுக்கு ஃபிராங்க் வெல்கர்.

துரு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமா? துருப்பிடித்த ஆணியை நல்ல ஆணிகளோடு போட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று எங்கள் ஐயா சொல்வார்.
– கானாடுகாத்தான் வாசகர்

ஐயா பார்த்தது உண்மை, காரணம் வேறு. துரு கிருமி இல்லை. தானாக இன்னொரு இரும்புக்குத் தாவாது. ஆனால் துரு பஞ்சு மாதிரி. காற்றின் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை ஒட்டிக் கிடக்கும் நல்ல ஆணிக்கு அந்த ஈரம் போதும். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் துரு. ஒன்றை விலக்கினால் நின்றுவிடும். உப்பு இருந்தால் வேகம் கூடும். அதனால்தான் காரைக்குடியில் வருடக்கணக்கில் தாங்கும் கம்பி, ராமேஸ்வரம் பக்கம் கடலோர ஊரான மண்டபத்தில் சீக்கிரம் உதிர்கிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நம் வாயில் 'சிக்ரி', அரிப்புச் சோதனைக்கென மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது இதற்காகத்தான். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார்.

விண்வெளியில் தண்ணீரும் காற்றும் இல்லாததால் நாம் அறிந்த துரு அங்கே பிடிக்காது. ஆனால் பூமியை ஒட்டிய சுற்றுப்பாதையில் ஒற்றை ஆக்சிஜன் அணுக்கள் திரிகின்றன. வெள்ளியைக் கறுக்கடித்து, பிளாஸ்டிக் படலங்களை அரித்துவிடும். கதாசிரியர்கள் இதை எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

'தொற்று' என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு, அது வெண்கலத்தில். உள்ளே குளோரைடு புகுந்துவிட்டால் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். துடைத்தால் போய்ச் சில நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். மண்ணில் புதைந்து கிடந்ததிலும் கடல் பட்டதிலும் அதிகம். விலைமதிப்புள்ள பழைய சிலையில் இப்படிக் கண்டால் வீட்டில் கைவைக்காமல் அருங்காட்சியகப் பராமரிப்பாளரிடம் காட்டுங்கள். புழங்கும் குத்துவிளக்கில் வரும் பச்சை பெரும்பாலும் வேறு: புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டுச் சரியாகக் கழுவாத மிச்சம். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி, வெயிலில் வைத்தெடுத்தால் தீரும்.

பெட்டகத்தைத் திறந்தபோது மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் பொம்மை கிடைத்தது. திருகாணிகள் துரு, உலோகப் பகுதியில் வெள்ளைப் பொடி. வினிகரில் ஊறப்போடலாமா?
– பள்ளத்தூர் வாசகி

வேண்டாம்! தயவுசெய்து முழுப் பொம்மையை எதிலும் ஊறப்போடாதீர்கள். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மரில் கனமாக இருக்கும் உலோகம் இரும்பல்ல, துத்தநாகக் கலவை வார்ப்பு. வெள்ளைப் பொடி அந்தத் துத்தநாகத்தின் அரிப்பு. வினிகர், எலுமிச்சை, புளி எல்லாமே துத்தநாகத்தைக் கரைக்கும். ஸ்டிக்கரும் போகும். பளபளவென்று குரோம் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களின் பூச்சு மிக மெல்லியது. ஈரத்துணியால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாலே உரிந்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் காய்ந்த மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் தையல் மெஷின் எண்ணெயைக் குண்டூசி நுனியால் ஒரே ஒரு சொட்டு வைத்து, ஓர் இரவு விடுங்கள். சொட்டு என்றால் சொட்டுதான். வழிந்து பிளாஸ்டிக்கில் ஊறினால், இறுக்கமாக மரை ஏறியிருக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். இதே காரணத்தால் துரு இளக்கும் ஸ்பிரே, பெட்ரோல், தின்னர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

காலையில் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். திருகாணி ஜப்பானியத் தரத்தில் இருந்தால் நம்மூர்ச் சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக இறங்காது. வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தலையைத் தின்னும். நுனி தட்டையாக இருக்கும் ஜே.ஐ.எஸ். டிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகக் கீழ்நோக்கி அழுத்தி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி திருப்பினால் துருவின் பிடி விடும். பிறகு கழற்றும் பக்கம். ஏற்கெனவே தலை தேய்ந்திருந்தால் தலைக்கும் டிரைவருக்கும் நடுவே அகலமான ரப்பர்பேண்டை வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள்.

கழற்றிய இரும்புத் திருகாணியையும் ஸ்பிரிங்கையும் மட்டும் வினிகரில் போடலாம். திருகாணிக்கு 4 முதல் 6 மணி நேரம். ஸ்பிரிங்குக்கு அரைமணிக்கு மேல் கூடாது. அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் கெட்டி ஸ்பிரிங்கினுள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். எடுத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து அதில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் சும்மா வைத்தால்கூட மஞ்சள் துரு திரும்பிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகும்.

துத்தநாக வெள்ளைப் பொடியை மூங்கில் பல்குச்சியால் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உலோகத்தை மட்டும் துடைத்தால் போதும். பொடி இல்லாமல் வார்ப்பே வெடித்து விரிந்திருந்தால் அது கலவையில் ஈயம் கலந்த கோளாறு. நிறுத்த வழி கிடையாது.

பேட்டரி போடும் பொம்மையாக இருந்தால், எந்தப் பேட்டரி கசிந்தது என்று பாருங்கள். அல்கலைன் பேட்டரிக் கசிவு காரம்; பஞ்சில் வினிகர் தொட்டுத் துடையுங்கள். சாதாரண விலைமலிவான பேட்டரிக் கசிவு அமிலத்தன்மை உள்ளது, சோடாத் தண்ணீர். மாற்றிப் போட்டால் அழுக்கு கூடும்.

இனி அதைப் பெட்டகத்தில் திரும்ப வைக்காதீர்கள். மூடிய மரப்பெட்டிக்குள் மரம் விடும் அமில ஆவி துத்தநாகத்துக்கு ஆகாது. அந்துருண்டை அதைவிட மோசம், சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 10 முதல் 20 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறினால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒருமுறை பார்த்தால் நல்லது.

அண்ணா, பள்ளிக் கண்காட்சியில் 'கரோஸ்டாப்' பற்றிச் செய்து காட்ட ஒரு சோதனை சொல்லுங்கள். பார்த்தவுடனே புரிய வேண்டும்.
– காரைக்குடி, 10-ஆம் வகுப்பு மாணவர்

தம்பி, அரிப்பு எங்கே நடக்கிறது என்பதை நிறத்தால் காட்டிவிடலாம். வேதியியல் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும்.

100 மில்லி தண்ணீரில் கடல்பாசித் தூள் 2 கிராம், சாப்பாட்டு உப்பு 3 கிராம் போட்டுக் கொதிக்கவிட்டுக் கரை. அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆய்வகத்திலிருந்து பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 0.1 கிராம், ஃபினால்ப்தலீன் 10 சொட்டு சேர்த்துக் கலக்கு. ஃபெர்ரிசயனைடை அமிலத்தோடு சூடாக்கவே கூடாது, நச்சு வாயு வரும். கையுறை போட்டுக்கொள், கடல்பாசி இனிப்பு மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

மூன்று தட்டுகள். முதலாவதில் வெறும் இரும்பு ஆணி. இரண்டாவதில் நடுவில் செம்புக் கம்பி இறுகச் சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகப் பட்டை சுற்றிய ஆணி. ஆணி மூழ்கும்வரை ஊற்றி உறையவிடு. ஒரு மணியில் நிறம் தொடங்கும், மறுநாள் காலை தெளிவாக இருக்கும். வெறும் ஆணியின் தலையும் கூர்நுனியும் நீலம், நடுப்பகுதி இளஞ்சிவப்பு. நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது, இளஞ்சிவப்பு என்றால் கரையவில்லை. தலையும் நுனியும் தொழிற்சாலையில் அடித்து நசுக்கப்பட்ட இடங்கள், அதனால் முதலில் அவை. செம்பு சுற்றிய ஆணியில் செம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு, ஆணியில் நீலம் அதிகம். சுதந்திர தேவி சிலைக்குள் நடந்தது இதுதான் என்று சொல். துத்தநாகம் சுற்றியதில் ஆணி முழுக்க இளஞ்சிவப்பு, நீலமே இராது. அதுதான் உன் கரோஸ்டாப்.

சோதனை பொய்த்தால் காரணம் அநேகமாக ஆணி. கடையில் வாங்கும் ஆணியில் எண்ணெயோ துத்தநாக முலாமோ இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போடு. கம்பி தளர்வாக இருந்தாலும் நடக்காது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.

வளவை (வீட்டு உள்முற்றத்தை) சுற்றியுள்ள கம்பி அழியில் மழைச்சாரல் படும் பக்கம் மட்டும் துரு. வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம், ஆறே மாதத்தில் கொப்பளிக்கிறது. பெர்செப்டர் மாதிரி ஒரே பூச்சில் தீர்க்க வழியில்லையா?
– ஆத்தங்குடி வாசகர்

ஒரே பூச்சு என்பது கார்ட்டூனில்தான். உங்கள் பெயின்ட்டில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. அடியில் என்ன இருக்கிறது என்பதே விஷயம். துருவின் மேல் அடித்தால் துருவுக்குள் இருக்கும் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, அங்கேயே அரித்து, வீங்கிப் பெயின்ட்டைத் தள்ளும். கூலியில் முக்கால் பங்கு சுரண்டலுக்கும் தேய்ப்புக்கும் போக வேண்டும்.

பங்குனி, சித்திரை வெயிலில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளத்தைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு உதிரும் துருவை எல்லாம் எடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். முகக்கவசம் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது நல்லது, தூளைக் கூட்டிக் குப்பையில் தனியாகக் கட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். இந்தக் கழுவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உப்பு பிரஷ்ஷால் போகாது, தண்ணீரால்தான் போகும்.

குழிக்குள் ஒட்டியிருக்கும் இறுகிய துருவுக்கு நம்மூர் மருந்து உண்டு: கடுக்காய். சுண்ணாம்புக் காரைக்கு ஊறவைக்கும் அதே கடுக்காய்தான். கொட்டை நீக்கிய தோலை 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுப் பாதியாகும்வரை கொதிக்கவையுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், சாறு அதிலேயே கறுத்துவிடும். வடிகட்டி ஆறியதும் பிரஷ்ஷால் பூசுங்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானின் துருவோடு சேர்ந்து கருநீலமாகிக் கரையாமல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்துக் கடுக்காய் மையும் இந்த வினைதான். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று கை. பளிச்சென்ற சுத்த இரும்பில் அவ்வளவாகப் பிடிக்காது, எண்ணெய்ப் பசை இருந்தால் அறவே பிடிக்காது. இது துருவை அடக்கும், மழையைத் தடுக்காது. ஆகவே காய்ந்த பிறகு துத்தநாக பாஸ்பேட் பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை கட்டாயம். சிங்க் பொடிப் பிரைமர் வாங்கிவிடாதீர்கள். அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், கடுக்காய் படலத்தின் மேல் வீண்.

கம்பி தரையில் பதியும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று ஒரு மழையில் நின்று பாருங்கள். தேங்கினால் அங்கே சிமென்ட்டால் சின்னதாகச் சரிவு வைத்துவிடுங்கள்.

பழைய இரும்புப் பூட்டை மின்சாரம் வைத்துத் துரு எடுக்கலாமாமே?
– புதுவயல் வாசகர்

எடுக்கலாம், பூட்டில் பித்தளை, முலாம் எதுவும் இல்லாமல் முழுக்க இரும்பாக இருந்தால். பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீர், மேசைக்கரண்டி ஒன்று சலவைச் சோடா. உப்பு போடாதீர்கள், குளோரின் கிளம்பும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் பூட்டில், பாசிட்டிவ் ஒரு வேண்டாத இரும்புத் தகட்டில். இரண்டும் தொடக்கூடாது. எவர்சில்வர் தகடு கூடவே கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும். திறந்த முற்றத்தில் வையுங்கள். வெளிவருவது ஹைட்ரஜன், பக்கத்தில் விளக்கோ அடுப்போ ஆகாது. 6 முதல் 12 மணி நேரம். சார்ஜரை அணைத்த பிறகே கையை விடுங்கள். எடுத்ததும் தேய்த்து, கழுவி, வெயிலில் உலர்த்தி எண்ணெய் விடுங்கள்.

மெகட்ரானை எவர்சில்வரில் செய்திருந்தால் பிரச்சினையே இல்லையே?
– தொண்டி வாசகர்

கடலோரமான உங்கள் ஊரில் நின்றால் பிரச்சினைதான். எவர்சில்வரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். கீறினால் தானே வளரும், ஆனால் கடலுப்பின் குளோரைடு அதில் ஊசிமுனைத் துளை போட்டுவிடும். பாத்திரத்துக்கு வரும் 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம். உப்புக்காற்றை அதுதான் தாங்கும், சிலைக்குள் வைத்ததும் அந்தக் குடும்பம்தான். கடற்கரை வீட்டுக் கைப்பிடி, கிரில் செய்கிறவர்கள் 316 கேளுங்கள். கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டுவார். 304, 316 இரண்டிலுமே காந்தம் அவ்வளவாக ஒட்டாது, விலைமலிவான 202 ரகத்திலும் அப்படித்தான். பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.